கடை பயோடேட்டாவா, கலர் டெம்ப்ளேட்டா, வெள்ளைத் தாளா: குமரியில் வேலை தேடுபவருக்கு எந்த ரெசுமே?

குமரி மாவட்டத்தில் படிப்பு முடிந்த பிள்ளைகள் ஒரே மாதத்தில் மூன்று திசையில் வேலை தேடுவார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருக்கும் கம்பெனிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போகும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ நகைக்கடைக்கோ நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இன்னொரு பிரதி துபாயில் இருக்கும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் போகும். மூன்று இடத்துக்கும் அதே பிடிஎஃப்.

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் வேலை பார்ப்பவன். அதனால் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் ரெசுமேயை அனுப்பிக்கொண்டே இருப்பார். கூடவே கேள்வியும் வரும்: "அண்ணே, இந்த ரெண்டுல எது நல்லா இருக்கு?" எது அழகு என்று என்னால் சொல்ல முடியாது. இதை முதலில் படிக்கப்போவது யார் என்று தெரிந்தால் எதை அனுப்புவது என்று சொல்லிவிடலாம். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

பெரிய கம்பெனிகளிலும் வேலைத் தளங்களிலும் முதலில் படிப்பது மென்பொருள். ஏடிஎஸ் என்பார்கள். உங்கள் கோப்பிலிருந்து பெயர், எண், படிப்பு, வேலை செய்த காலம், திறன்கள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துக் கட்டங்களில் போட்டு வைக்கும். ஆள் தேடும்போது நாங்கள் "ஜாவா", "டேலி", "ஐசியு" என்று சொல்லைத் தட்டித் தேடுவோம். அந்தச் சொல் சரியான கட்டத்தில் இல்லையென்றால் அந்த ரெசுமே எங்கள் கண்ணில் படாமலே போகக்கூடும். அதற்கு அப்புறம்தான் மனிதர் பார்ப்பது. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம் 2018இல் கண் அசைவைப் பதிவுசெய்து நடத்திய ஆய்வில், முதல் பார்வைக்கு ஒருவர் ஒதுக்கிய நேரம் சராசரியாக 7.4 விநாடி என்று வந்தது. நம்ம ஊர் பள்ளித் தாளாளர் அப்படிப் பார்க்க மாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பா பெயர் வரைக்கும் நிதானமாகப் படிப்பார். வளைகுடா ஏஜெண்டு இன்னொரு மாதிரி. போட்டோ, வயது, பாஸ்போர்ட், அனுபவம் இந்த நான்கையும் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

கடை பயோடேட்டா

வடசேரியிலோ தக்கலையிலோ ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து, "அண்ணே, ஒரு பயோடேட்டா" என்றால் பத்து நிமிடத்தில் அடித்துத் தருவார்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை, தனியார் பள்ளி, சின்ன ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசை போன்ற இடங்களில் இன்றும் இதுதான் செல்லுபடியாகும். அங்கே காகிதத்தை வாங்கி ஃபைலில் போட்டு வைப்பார்கள். ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா, தினமும் வந்துபோக முடியுமா என்பதெல்லாம் அவர்களுக்கு உண்மையாகவே வேண்டிய விஷயங்கள். மேலே பாஸ்போர்ட் அளவு போட்டோ, கீழே "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று கையெழுத்து இருந்தால் ஆள் பொறுப்பானவர் என்று நினைப்பார்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கடைக்காரர் போன வாரம் வந்தவரின் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே உங்கள் பெயரை அடிப்பார். முகவரி குலசேகரம் என்று இருக்கும், கடைசியில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் குளச்சல் என்று இருக்கும். பொழுதுபோக்கு பகுதியில் உங்களுக்கே தெரியாமல் கேரம் விளையாடிக்கொண்டிருப்பீர்கள். தமிழில் அடித்தது என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல கடைகளில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள்தான். அந்த வேர்ட் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் குவிந்து கிடக்கும். அதனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடிக்கச் சொல்லுங்கள். பிடிஎஃப் ஒன்றும் வேர்ட் கோப்பு ஒன்றும் உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபோன் எண் மாறினால்கூட அதே கடைக்கு மறுபடி போக வேண்டும். கிளம்புமுன் கடைக் கணினியில் கிடக்கும் பிரதியை அழிக்கச் சொல்லுவதும் நல்லது. ஆதார் எண்ணை ரெசுமேயில் போட எந்த அவசியமும் இல்லை. ஆனாலும் பத்தில் இரண்டு பேராவது போட்டுவிடுகிறார்கள்.

கேன்வா கலர்

கேன்வா என்ற டிசைன் செயலியில் செய்வது, இளம்பிள்ளைகளுக்குப் பிடித்தது இது. இடதுபக்கம் கருநீலப் பட்டை, அதில் வட்டத்துக்குள் போட்டோ, கீழே திறன்களுக்கு நட்சத்திரம் அல்லது பாதி நிரம்பிய கோடுகள். இலவசமாகக் கிடைக்கிறது, ஃபோனிலேயே செய்து முடித்துவிடலாம், பார்க்கவும் பளிச்சென்று இருக்கிறது. டிசைன், சோஷியல் மீடியா, நிகழ்ச்சி ஏற்பாடு மாதிரி வேலைக்கு இது பொருந்தும். கண்ணுக்கு அழகாக வைக்கத் தெரியும் என்பதே அங்கே ஒரு தகுதி. மற்ற வேலைகளுக்கு நான் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிடிஎஃப்பைக் கணினியில் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். ஏடிஎஸ் கையில் கிடைப்பது ஏறக்குறைய இதுதான். பக்கத்தை இடம், வலம் என்று பிரித்த இரண்டு பத்தி வடிவத்தில் பல நேரம் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து, "பி.காம், கணக்கியல், மலையாளம், 2023, தக்கலை" என்று குழம்பாக வந்து விழும். இப்போதைய மென்பொருள்களில் சில இரண்டு பத்தியையும் ஒழுங்காகப் படிக்கின்றன. ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் கம்பெனி எதை வைத்திருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஃபோன் எண்ணுக்குப் பதில் ஃபோன் படம், ஊருக்குப் பதில் ஊசிப் படம் என்று போட்டால், மென்பொருளுக்கு அந்தப் படம் ஒன்றுமே இல்லை. டிசைனை ஜேபிஜி படமாக இறக்கிப் பிறகு பிடிஎஃப் ஆக்குகிறவர்களின் கோப்பில் எழுத்தே இருக்காது. நோட்பேடில் ஒட்டினால் வெறும் வெள்ளை.

திறன் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. "எக்செல் 80 சதவீதம்" என்றால் மீதி 20 எது? பிவட் டேபிள் தெரியும், விலுக்அப் தெரியும் என்று எழுதியிருந்தால் எனக்குப் புரியும்.

யாரும் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கோ கல்லூரிகளில் நடக்கும் மேளாக்களுக்கோ போகும்போது கலர் பிரிண்டுக்குக் காசு அதிகம் என்று எல்லோரும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவார்கள். கருநீலப் பட்டையில் வெள்ளை எழுத்தில் இருந்த ஃபோன் எண், ஜெராக்ஸில் கறுப்புக்குள் கறுப்பாகப் போய்விடும். ஆளைப் பிடித்திருந்தும் கூப்பிட எண் இல்லாத ரெசுமேக்கள் அப்படித்தான் உருவாகின்றன.

வெள்ளைத் தாள்

பக்கத்தை இரண்டாகப் பிரிக்காத ஒரே பத்தி, வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ செய்வது. பார்க்கச் சப்பென்று இருக்கும். வீட்டில் காட்டினால் "இது என்ன, ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். ஆனாலும் பெரும்பாலோருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மென்பொருளும் படிக்கும், 7 விநாடி பார்ப்பவரும் படிப்பார், ஜெராக்ஸிலும் தெளிவாக இருக்கும், நாளைக்கு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

ஏ4 தாள், கேலிப்ரி அல்லது ஏரியல் எழுத்து 11 அளவு, நான்கு பக்கமும் அரை அங்குலத்துக்குக் குறையாத ஓரம். புதிதாகப் படித்து வந்தவருக்கு ஒரு பக்கம் போதும்; பத்து வருஷ அனுபவம் இருந்தால் இரண்டு. பெயரையும் எண்ணையும் வேர்டின் ஹெடர் பகுதிக்குள் போடாதீர்கள், சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடும். முழு முகவரி வேண்டாம். கதவு எண், தபால் நிலையம், விளவங்கோடு தாலுகா என்று ஐந்து வரி போவதற்குப் பதில் "மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்" என்றால் போதும். வெறும் கன்னியாகுமரி என்று எழுதினால் சென்னைக்காரர் நீங்கள் முக்கடல் கரையில் சங்குக்கடைக்குப் பின்னால் குடியிருப்பதாக நினைத்துக்கொள்வார், அது வேறு விஷயம்.

மேலே பெரும்பாலான ரெசுமேக்களில் வரும் "டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்" என்ற குறிக்கோள் வரியைத் தூக்கிவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் யார், என்ன தெரியும், என்ன வேலை வேண்டும் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். பி.காம் முடித்த ஒரு பெண், மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியிடம் கணக்கு எழுதப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுதியிருப்பது: "டேலி தெரியும். கணக்கு உதவியாளராக ஆறு மாத அனுபவம்." இதில் பொய் இல்லை, ஆனால் இதே வரியோடு இன்னும் நூறு பேர் வருவார்கள். கேட்டுப் பார்த்தால் விஷயம் வெளியே வரும். தினமும் எத்தனை பில் போட்டாய்? ஜிஎஸ்டி யார் தாக்கல் செய்தது? பேங்க் ஸ்டேட்மென்டோடு யார் ஒத்துப் பார்த்தது? அப்புறம் வரி இப்படி மாறும்: "ரப்பர் ஷீட் மொத்த வியாபாரக் கடையில் ஆறு மாதம், டேலி பிரைமில் நாளொன்றுக்கு 15 முதல் 20 கொள்முதல், விற்பனை பில் பதிவு, மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கலுக்கான கணக்கை ஆடிட்டருக்குத் தயார் செய்தது, இரண்டு வங்கிக் கணக்குகளை மாதந்தோறும் சரிபார்த்தது." சம்பளம் இல்லாமல் மாமா கடையில் செய்த வேலையாக இருந்தாலும் இப்படி எழுதலாம். செய்த வேலை செய்த வேலைதானே. ஆனால் செய்யாததை எழுதினால் நேர்முகத்தில் முதல் கேள்வியே அங்கேதான் வரும்.

மொழி என்ற வரி கடைசியில் ஒப்புக்குக் கிடக்கும். நம்ம மாவட்டத்துக்காரருக்கு அது சும்மா வரி இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். மேற்கே போகப் போக வீட்டிலேயே மலையாளம் புழங்கும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி, வங்கி, வாடிக்கையாளர் சேவை வேலைகளுக்கு "மலையாளம் பேசுவேன்" என்பது படிப்புக்கு அடுத்தபடி எடை உள்ள தகுதி. தமிழும் மலையாளமும் சேர்ந்து தெரிந்தவர் கிடைப்பது அங்கே லேசில்லை. அதனால் அந்த வரியை மேலே கொண்டுவாருங்கள். பேச மட்டும் தெரியுமா, வாசிக்கவும் தெரியுமா என்று பிரித்து எழுதுங்கள். பேசத் தெரிந்து பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாதவர்கள் நம்மில் நிறைய, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, பல கம்பெனிகள் பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், அரியர் இல்லாமை என்று வாசலிலேயே வடிகட்டுவார்கள். சதவீதத்தை மறைத்தால் ரெசுமே தாண்டும், ஆள் தாண்ட மாட்டார். மார்க்‌ஷீட்டில் உள்ளதை அப்படியே போடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் சிஜிபிஏ என்றால் சிஜிபிஏவாகவே இருக்கட்டும்.

வளைகுடாவுக்கு அதே தாளில் வேறு தலை

இந்தியக் கம்பெனிக்கும் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிக்கும் போட்டோ, பிறந்த தேதி, மணவாழ்க்கை நிலை எதுவும் வேண்டாம் என்று சொல்லும் நானே, வளைகுடா என்றால் இவை எல்லாவற்றையும் போடச் சொல்வேன். அங்கே கேட்பார்கள். அதே வெள்ளைத் தாளின் மேல்பாதியை மாற்றினால் போதும்: போட்டோ, நாட்டுரிமை, பிறந்த தேதி, இப்போது எந்த விசாவில் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை நாளில் சேர முடியும், வளைகுடா ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா. பாஸ்போர்ட் எந்த வருஷம் வரை செல்லும் என்று எழுதுங்கள், எண்ணை எழுத வேண்டாம். அந்தக் கோப்பு எத்தனை வாட்ஸ்அப் குழுவைச் சுற்றிவரும் என்று உங்கள் மாமாவுக்கே தெரியாது. பத்தாம் வகுப்பு தேறியவர் பாஸ்போர்ட்டுக்கு ஈசிஎன்ஆர் நிலை, அதாவது குடியேற்ற அனுமதி தனியாக வாங்கத் தேவையில்லை என்ற நிலை கிடைக்கும். உங்களுக்கு அது இருந்தால் ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள், ஏஜெண்டு முதலில் தேடுவதில் அதுவும் ஒன்று.

பெயர்தான் நம்மைப் படுத்துகிற விஷயம். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். வளைகுடா ரெசுமேயில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்க வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கமும் வந்தது. விசிட் விசாவில் போய் வேலை தேடுகிற பழக்கம் உள்ள ஊரில், ரெசுமே அடிக்கும் நாளிலேயே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நர்ஸ்களுக்கு வடிவத்தைவிடத் தேதிகள் முக்கியம். வளைகுடா உரிமத்துக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனம் உங்கள் கல்லூரியிடமும் பழைய ஆஸ்பத்திரியிடமும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும். ரெசுமேயில் 2021 ஜூன் முதல் என்றும் அனுபவச் சான்றிதழில் 2021 ஆகஸ்ட் முதல் என்றும் இருந்தால், இரண்டு மாதத்துக்காக மாதக்கணக்கில் இழுபடும். இடையில் பிரசவத்துக்காக ஒரு வருஷம் வேலையை விட்டிருந்தால் அப்படியே காட்டுங்கள். "ஸ்டாஃப் நர்ஸ், ஐசியு" என்று நிறுத்தாமல், எத்தனை கட்டில், ஒரு ஷிப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளி, வென்டிலேட்டர் கையாண்டீர்களா, நர்சிங் கவுன்சில் பதிவு எதுவரை செல்லும் என்று எழுதுங்கள். வெல்டர்களுக்கும் இதே கதைதான்: வெறும் வெல்டர் என்பவரைவிட 6ஜி பைப் வெல்டிங் (சாய்வாகப் பொருத்திய குழாயைப் பற்றவைக்கும் தேர்வு) தேறியவர் என்று போட்டவரை முதலில் கூப்பிடுவார்கள்.

ரெசுமேயைக் கொடுக்குமுன் ஏஜெண்டையும் பாருங்கள். மத்திய அரசின் ஈமைகிரேட் தளத்தில் உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும். ரெசுமேயைத் "தயார் செய்ய" தனியாக ஒரு தொகை, "முன்பதிவுக்கு" இன்னொரு தொகை என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெர்மனி பேச்சு இப்போது நர்சிங் கல்லூரிகளில் அதிகம். அங்கே யூரோபாஸ் வடிவம் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியமே நடத்தும் இலவசத் தளம், கேட்கும் கட்டங்களை நிரப்பினால் கோப்பு தயாராகிவிடும். ஜெர்மன் மொழியில் பி1 நிலை தேறியதா, அதற்கு மேலான பி2 நிலை தேறியதா, எந்தத் தேர்வு என்பதை அதில் தெளிவாகப் போட வேண்டும். அதே யூரோபாஸை டெக்னோபார்க்குக்கு அனுப்பாதீர்கள், ஒரு பக்க விஷயம் மூன்று பக்கமாக நீண்டுவிடும். அரசு வேலைக்கு ரெசுமே தேவையே இல்லை. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் அவற்றுக்கான இணையதளத்திலேயே முடிந்துவிடும். அந்தப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மட்டும் மறக்கக் கூடாது.

ஏஐ எழுதித் தருவது

இப்போது நான்காவதாக இது சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடியிடம் சொன்னால் அரை நிமிடத்தில் ரெசுமே வரும். இலக்கணப் பிழை இருக்காது, அது பெரிய உதவி. ஆங்கிலத்தில் தடுமாறுகிற கிராமத்துப் பிள்ளைக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் ஒரே வாரத்தில் வரும் ரெசுமேக்களில் பாதிப் பேர் "ரிசல்ட்ஸ் டிரிவன் புரொஃபெஷனல்" ஆக இருக்கிறார்கள். படித்து முடித்து இரண்டு மாதம் ஆன பிள்ளை "விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்" என்று கொண்டுவருகிறது. எந்த விற்பனை என்று கேட்டால் முழிக்கிறது. உங்கள் விஷயத்தை நீங்களே கையால் எழுதி, அதன் ஆங்கிலத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். எதையும் புதிதாகச் சேர்க்காதே என்றும் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிற ஆன்லைன் சேவைகள் இதையேதான் செய்கின்றன. அதில் வேலைக்கு உத்தரவாதம் என்று ஒருவர் சேர்த்துச் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அனுப்பும்போது

கோப்பின் பெயர் "ரெசுமே நியூ ஃபைனல் 2" என்று இருந்தால் எங்கள் பக்கம் அது அதே பெயருள்ள இன்னும் பத்துக் கோப்போடு சேர்ந்துவிடும். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வைத்துச் சேமியுங்கள். பள்ளிக்காலத்தில் விளையாட்டாகத் திறந்த மெயில் ஐடி இருந்தால், பெயரில் புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். காலியான மெயிலில் கோப்பை மட்டும் இணைத்து அனுப்பாமல், எந்த வேலைக்கு, எப்போது சேர முடியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். வளைகுடாவுக்குப் போவதில் எண்ணுக்கு முன்னால் +91 போடுங்கள்.

அனுப்பிய பிறகு ஒரு வாரத்துக்காவது, 0471இல் தொடங்கும் திருவனந்தபுரத்து எண்ணோ 04652, 04651இல் தொடங்கும் நம்ம ஊர் லேண்ட்லைனோ வந்தால் லோன் கம்பெனி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். பல கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் இன்னும் அலுவலக ஃபோனிலிருந்துதான் கூப்பிடுகின்றன. எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.